ஒரு மரபணுவைத் தடம் விடாமல் நீக்குவது
(அம்பத்தூரில் பொதுமக்களுக்கும் பல் மருத்துவ மாணவர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பல் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். பெற்றோர் வந்திருக்கிறீர்கள். தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவர்களும் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் புரியும்படிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். நுட்பமான இடங்கள் சில வரும். அங்கே மெதுவாகப் போகிறேன்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இடது தோளுக்குக் கீழே ஒரு சிறு தழும்பு இருக்கும். பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு. இன்றைய பேச்சு வாய்க்குள் வாழும் கிருமிகளைப் பற்றியது. ஆனாலும் அந்தத் தழும்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு கிருமி தன் மரபணுக்கள் சிலவற்றை இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் உடம்பிலேயே உள்ள சாட்சி அது.

1908ல் பிரான்சின் லீல் நகரில் கால்மெட், கெரான் என்ற இருவர், மாட்டுக்குக் காசநோய் தரும் கிருமியை எடுத்து, பித்தநீரும் கிளிசரினும் சேர்த்து வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டின்மேல் வளர்த்தார்கள். ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதுத் துண்டுக்கு மாற்றினார்கள். 13 ஆண்டுகளில் 230 முறை மாற்றினார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படை நகரைப் பிடித்து வைத்திருந்தபோதும் நிறுத்தவில்லை. கடைசியில் அந்தக் கிருமி நோய் தரும் வலுவை இழந்தது. 1921ல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். கிருமி எதை இழந்தது என்று அப்போது அவர்களுக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. 1996ல்தான் தெரிந்தது. சுமார் 9,500 எழுத்து நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டு பி.சி.ஜி.யில் இல்லை. ஒன்பது மரபணுக்கள் அதோடு போயிருந்தன. அந்தத் துண்டுக்கு ஆர்.டி.1 என்று பெயர். 2002ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தார் அதை பி.சி.ஜி.க்குள் திரும்ப வைத்துப் பார்த்தார்கள். இழந்த வலுவில் ஒரு பகுதி திரும்பி வந்தது. ஒரு பகுதிதான்; முழுவதும் வரவில்லை. ஆக, அந்த 13 ஆண்டுகளில் வேறு மாற்றங்களும் நடந்திருந்தன.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதையில் நேரடிப் பங்கு உண்டு. 1968ல் தொடங்கி, இங்கிருந்து ஆவடி தாண்டி ரயிலில் போனால் வரும் திருவள்ளூர் வட்டாரத்தில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனை நடந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கையை நீட்டினார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற முடிவு வந்தபோது மருத்துவ உலகமே அதிர்ந்தது. ஏன் தடுக்கவில்லை என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. இங்கே நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அந்தச் சோதனையில் பயன்பட்டவை டேனிஷ், பாரிஸ் என்ற இரண்டு வகை பி.சி.ஜி. ஒவ்வொரு நாட்டு ஆய்வகத்திலும் தனித்தனியாக வளர்ந்த பி.சி.ஜி. வகைகள் வெவ்வேறு துண்டுகளை இழந்தவை என்பது பின்னாளில் தெரிந்தது. தங்களுக்குள் செலுத்தப்பட்ட கிருமியிடம் எது இருக்கிறது, எது இல்லை என்பது அந்த மக்களுக்கும் தெரியாது, ஊசி போட்டவர்களுக்கும் தெரியாது.

இதே வட்டாரத்திலிருந்து இன்னொரு சாட்சியும் உண்டு. அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஆவடியில் இருந்த தொழுநோய்க் கள ஆய்வுப் பிரிவும், சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனமும் இணைந்து 1999ல் உருவானது அது. அந்தத் தொழுநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதியை 2001ல் முழுமையாகப் படித்து வெளியிட்டார்கள். படிக்க எடுத்துக்கொண்ட கிருமி தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து வந்தது. இன்றும் உலக ஆய்வகங்களில் அதன் பெயர் 'டி.என்.' என்ற இரண்டு எழுத்துதான். உள்ளே பார்த்தால், வேலை செய்யும் மரபணுக்கள் சுமார் 1,600. சிதைந்து, செயலற்று, எலும்புக்கூடு போல் கிடப்பவை 1,100க்கும் மேல். இவ்வளவையும் இழந்ததால்தான் உயிருள்ள உடலுக்கு வெளியே, ஆய்வகத் தட்டில், அதை இன்றுவரை யாராலும் வளர்க்க முடியவில்லை.

இந்த இரண்டும் இயற்கையாகவும் தற்செயலாகவும் நடந்த நீக்கங்கள். பி.சி.ஜி.யில் எது போனது என்று தெரிந்துகொள்ள முக்கால் நூற்றாண்டு ஆனது. இன்று நான் சொல்லப்போவது இதற்கு நேர் எதிரான வேலை. எந்த மரபணு வேண்டாம் என்று நாமே முடிவு செய்து, அதை மட்டும் எடுத்து, பக்கத்தில் இருப்பதைத் தொடாமல், நாம் வந்து போன தடம்கூட இல்லாமல் வெளியேறுவது. பல்லையும் ஈறையும் கெடுக்கும் கிருமிகளில் இதை எப்படிச் செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள், நம் பகுதியில் ஏன் செய்ய வேண்டும் என்பதுதான் பொருள்.

சொத்தைப் பல்லிலிருந்து தொடங்குவோம். 2002-03ல் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் எடுத்த தேசிய ஆய்வில், 12 வயதுப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சொத்தை இருந்தது. சொத்தையில் முன்னணியில் நிற்கும் கிருமி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ம்யூட்டன்ஸ். 1924ல் லண்டனில் கிளார்க் என்பவர் சொத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்தார். நாம் சாப்பிடும் சர்க்கரையை அது இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறது. ஒரு பங்கை நொதிக்க வைத்து லாக்டிக் அமிலமாக்குகிறது. அந்த அமிலம் எனாமலைக் கரைக்கிறது. இன்னொரு பங்கைப் பிசினாக்கி, அதைக் கொண்டு பல்லின்மேல் ஒட்டிக்கொள்கிறது. 2002ல் இதன் மரபணுத் தொகுதி முழுவதும் வெளிவந்தது. 20 லட்சம் எழுத்துக்குச் சற்று மேல். மரபணுக்கள் ஏறக்குறைய 1,960.

மரபணுப் பட்டியல் கையில் வந்துவிட்டது. எது பிசின் செய்கிறது, எது அமிலம் செய்கிறது என்று கணினி ஊகித்தும் சொல்லிவிடும். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கலாம். நோயாளியின் வாயில் ஒரு மரபணு இருக்கிறது என்று காட்டுவது ஒன்று. அந்த மரபணுதான் நோயைத் தருகிறது என்று காட்டுவது வேறொன்று. சம்பவ இடத்தில் இருந்ததற்காக ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது. 1988ல் ஸ்டான்லி ஃபால்கோ என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் இதை ஒரு விதியாக எழுதி வைத்தார். நோய் தரும் தன்மைக்கு ஒரு மரபணுதான் காரணம் என்று சொல்ல வேண்டுமானால், அதை நீக்கியதும் நோய் தரும் வலு குறைய வேண்டும். திரும்ப வைத்ததும் வலு திரும்ப வேண்டும். கிருமியியல் முன்னோடியான கோஹ் கிருமிகளுக்கு வகுத்த விதியை இவர் மரபணுக்களுக்கு வகுத்தார். ஆர்.டி.1 விஷயத்தில் பாஸ்டர் நிறுவனத்தார் செய்தது இந்த விதியின் இரண்டாம் பாதியைத்தான்.

நீக்கினால் போதாதா, ஏன் 'சுத்தமாக' நீக்க வேண்டும்? முழுப் பேச்சும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

ஆவடியில் புறநகர் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பணிமனை இருக்கிறது. ஒரு வண்டித் தொடரின் நடுவில் ஒரு பெட்டி வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியை உள்ளேயே உடைத்துப் போட்டால் என்ன ஆகும்? அதன் வழியாகப் பின்னால் போகும் பிரேக் குழாயும் மின் இணைப்பும் அறுந்துவிடும். பின்னால் வரும் நல்ல பெட்டிகளும் நின்றுவிடும். பார்ப்பவர் எல்லாப் பழியையும் அந்த ஒரு பெட்டியின்மேல் போடுவார். சரியான முறை, பெட்டியைக் கழற்றி எடுத்து, முன்பெட்டியையும் பின்பெட்டியையும் நேராக இணைப்பது. பாக்டீரியாவின் மரபணுக்களும் இப்படித்தான் தொடராக நிற்கின்றன. ஒரே தொடக்கத்திலிருந்து நான்கைந்து மரபணுக்கள் வரிசையாகப் படிக்கப்படும். நடுவில் ஒன்றைக் கண்டபடி உடைத்தால் அதன் பின்னால் உள்ளவையும் ஊமையாகும். அதனால் நீக்கும்போது மரபணுவின் முதல் சில எழுத்துகளையும் கடைசிச் சில எழுத்துகளையும் விட்டுவிட்டு நடுப்பகுதியை எடுக்கிறார்கள். எடுக்கும் எழுத்துகளின் எண்ணிக்கை மூன்றின் மடங்காக இருக்க வேண்டும். மரபணு மொழி மும்மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவதால், ஒரு எழுத்து பிசகினாலும் அதற்குப் பின் வருவதெல்லாம் குளறிவிடும்.

பழைய முறையில் இன்னொரு பிரச்சினை உண்டு. கோடிக்கணக்கான கிருமிகளில் எந்த ஒன்றிரண்டில் மாற்றம் நடந்தது என்று கண்டுபிடிக்க, நீக்கிய மரபணுவின் இடத்தில் ஒரு ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுவைச் செருகுவார்கள். பிறகு எரித்ரோமைசின் கலந்த தட்டில் வளர்த்தால் மாற்றம் நடந்தவை மட்டும் பிழைக்கும். எளிய முறை, பல்லாண்டுகளாக எல்லோரும் செய்தது. ஆனால் செருகியது அங்கேயே தங்கிவிடும். அது பக்கத்து மரபணுக்களின் ஓட்டத்தை மாற்றும். அடுத்த மரபணுவையும் அதே கிருமியில் நீக்க வேண்டுமானால் வேறொரு ஆன்டிபயாடிக் தேவைப்படும். வாய்க் கிருமிகளில் வேலைக்கு உதவும் எதிர்ப்பு மரபணுக்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். ஈறு நோயின் முக்கியக் கிருமியான போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸில் இந்த நெருக்கடி இன்னும் அதிகம். அதன் ஆயுதங்களான ஜிஞ்சிபெயின் நொதிகளுக்கே மூன்று மரபணுக்கள் உண்டு. மூன்றையும் நீக்கினால்தான் முழுக் கதையும் தெரியும். மூன்றுக்கும் மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் செலவழித்துவிட்டால் திரும்ப வைத்துப் பார்க்க எது மிஞ்சும்?

எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதருக்குள் செலுத்தும் எந்தக் கிருமியிலும் ஆன்டிபயாடிக் எதிர்ப்பை விட்டு வைக்கக் கூடாது. பி.சி.ஜி.க்கு அடுத்த தலைமுறைத் தடுப்பூசிகளில் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள். ஸ்பெயினின் சரகோசாவில் கார்லோஸ் மார்ட்டின் குழு உருவாக்கிய எம்.டி.பி.வாக் தடுப்பூசியில் இரண்டு மரபணுக்கள் நீக்கப்பட்டிருக்கின்றன. எதிர்ப்பு மரபணு ஒன்றுகூட இல்லை. அதை இந்தியாவில் சோதிக்கும் பணியை 2024ல் பாரத் பயோடெக் தொடங்கியது.

சரி, தடம் விடாமல் எப்படி நீக்குவது? அடிப்படைக் கருத்து ஒன்றுதான்; அது எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் ஒரு அடையாளத்தை உள்ளே விடுகிறோம். அந்த அடையாளத்துக்கு இரண்டு முகம் இருக்க வேண்டும். ஒரு சூழலில் அது கிருமியைக் காப்பாற்ற வேண்டும். இன்னொரு சூழலில் கொல்ல வேண்டும். காப்பாற்றும் சூழலில் வளர்த்து, உள்ளே வந்தவற்றைப் பிடிக்கிறோம். கொல்லும் சூழலில் வளர்த்து, வெளியே தள்ளியவற்றை மட்டும் பிழைக்க விடுகிறோம். இரண்டாவதை எதிர்த்தேர்வு என்கிறார்கள்.

ம்யூட்டன்ஸ் இந்த வேலைக்குத் தானே ஒத்துழைக்கும். சுற்றிலும் கிடக்கும் டி.என்.ஏ.யை இழுத்துத் தனக்குள் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு. எப்போது இழுக்க வேண்டும் என்று தங்களுக்குள் சைகை காட்டச் சிறு புரதத் துண்டுகளைப் பயன்படுத்துகின்றன. 2001ல் டொராண்டோ குழு அப்படிப்பட்ட ஒரு சைகையை விவரித்தது. 2010ல் ஏழே அமினோ அமிலம் கொண்ட இன்னொன்று தெரியவந்தது. அந்தச் சைகையை ஆய்வகத்தில் செய்து, கிருமி வளரும் திரவத்தில் கலந்தால், அவை கதவைத் திறந்துவிடுகின்றன. பற்படலத்துக்குள் ஒன்றுக்கொன்று டி.என்.ஏ. கொடுத்து வாங்கி வாழ்ந்த கிருமியின் பழக்கத்தை நாம் நம் வேலைக்குப் பயன்படுத்துகிறோம்.

உள்ளே அனுப்பும் டி.என்.ஏ.யை, நகலெடுக்கும் முறையான பி.சி.ஆர். மூலம் தைத்து எடுக்கிறார்கள். நீக்க வேண்டிய மரபணுவுக்கு முன்னால் ஆயிரம் எழுத்து, பின்னால் ஆயிரம் எழுத்து, நடுவில் அடையாளம். 2011ல் ஷீ, மெரிட் குழுவினர் வெளியிட்ட முறையில் நடு அடையாளத்தில் இரண்டு மரபணுக்கள் இருந்தன. ஒன்று எரித்ரோமைசின் எதிர்ப்பு. இன்னொன்று ஃபெனிலாலனின் என்ற அமினோ அமிலத்தைப் புரதத்தில் சேர்க்கும் நொதியின் திருத்திய வடிவம். திருத்தியதால் அது ஏமாந்து, குளோரின் ஒட்டிய போலி ஃபெனிலாலனினையும் ஏற்றுக்கொள்ளும். போலியைச் சேர்த்த புரதங்கள் கெட்டுப்போகும், கிருமி சாகும்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். முதல் நாள், தைத்த துண்டை அனுப்பி, எரித்ரோமைசின் தட்டில் வளர்க்கிறோம். மரபணுவின் இடத்தில் அடையாளம் உட்கார்ந்த கொலனிகள் வரும். அடுத்து, முன் ஆயிரத்தையும் பின் ஆயிரத்தையும் நேராகச் சேர்த்த துண்டை அனுப்புகிறோம். நடுவில் எதுவும் இல்லை. போலி ஃபெனிலாலனின் தட்டில் வளர்த்தால், அடையாளத்தை இன்னும் வைத்திருப்பவை சாகும். அதை விட்டொழித்து, இரண்டு முனைகளும் சேர்ந்தவை மட்டும் எழும். பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையத்தைக் கட்ட வேண்டாம், ஈ.கோலை கிருமியில் அதை நகல் எடுக்க வேண்டாம். முடிவில் கிருமியிடம் எஞ்சுவது ஒரு இடைவெளி மட்டுமே. அதே முறையில் அடுத்த மரபணுவை நீக்கலாம், அதற்கடுத்ததையும் நீக்கலாம்.

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேறு பல பாக்டீரியாக்களில் எதிர்த்தேர்வுக்குப் பெரிதும் பயன்படுவது சாக்-பி என்ற மரபணு. சர்க்கரை கலந்த தட்டில் அது கிருமிக்குள் பிசினை உருவாக்கிக் கொன்றுவிடும். ஆனால் ம்யூட்டன்ஸ் காலம் காலமாகச் சர்க்கரையைப் பிசினாக்கி வாழும் உயிர். அதனிடம் சர்க்கரையைக் காட்டி மிரட்ட முடியாது. ஒவ்வொரு கிருமிக்கும் அதன் வாழ்வை அறிந்துதான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வேறு வழிகளும் உண்டு. 2008ல் கன்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் பானர்ஜி, பிஸ்வாஸ் இருவரும் க்ரி என்ற வைரஸ் நொதியைக் கொண்டு எதிர்ப்பு மரபணுவை வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடத்தில் 34 எழுத்துத் தழும்பு மட்டும் மிஞ்சும்.

இனி ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம். இந்தக் கிருமியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச விரும்புகிறேன். வாயில் பற்படலம் அடுக்கடுக்காக வளரும்போது, முதலில் குடியேறிய கிருமிகளையும் பின்னால் வரும் கொடியவற்றையும் இணைக்கும் பாலமாக நீண்டு நிற்பது இது. காரை படிந்து ஈறு நோய் முற்றிய வாயில் ஏராளமாக இருக்கும். 2012ல் வட அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகளுக்குள் இதைக் கண்டார்கள். குறைப்பிரசவத்தோடும் இதற்குத் தொடர்பு சொல்லப்படுகிறது. இவ்வளவு முக்கியமான கிருமியில் மரபணு வேலை செய்வது நீண்ட காலம் பெரும்பாடாக இருந்தது. காற்றுப் பட்டால் வளராது. அயல் டி.என்.ஏ. வந்தால் வெட்டிப் போட்டுவிடும். பெரும்பாலான வகைகள் பிளாஸ்மிடை ஏற்பதே இல்லை.

ஹங் டான்-தாட் குழுவினர் கேல்-கே என்ற மரபணுவை எதிர்த்தேர்வுக்குக் கொண்டுவந்தார்கள். காலக்டோஸ் சர்க்கரையைக் கையாளும் மரபணு அது. காலக்டோஸ் போன்றே இருக்கும் டிஆக்ஸிகாலக்டோஸ் என்ற பொருளைக் கொடுத்தால், கேல்-கே உள்ள கிருமி அதை நஞ்சாக மாற்றித் தானே செத்துப்போகும். நல்ல முறை. ஆனால் கிருமியிடம் ஏற்கெனவே ஒரு கேல்-கே இருக்கிறதே! அதை முதலில் நீக்கிய கிருமியில்தான் இந்த முறை நடக்கும். ஒவ்வொரு புதிய வகையிலும் அதை நீக்கிவிட்டுத்தான் உண்மையான வேலையைத் தொடங்க வேண்டும். அப்போதும் நம் கையில் இருப்பது இயற்கையான கிருமி அல்ல, ஒரு மரபணு குறைந்த கிருமி.

2023ல் ஹூஸ்டனில் செங்காங் வூவின் ஆய்வகம் இந்தத் தடையைத் தாண்டியது. கிருமிகளுக்குள்ளேயே ஒரு நஞ்சும் அதன் முறிமருந்தும் சோடியாக இருப்பதுண்டு. ஃபியூசோபாக்டீரியத்தின் உறவினக் கிருமி ஒன்றிலிருந்து ஹிக்-ஏ என்ற நஞ்சின் மரபணுவை எடுத்தார்கள். அதைச் செலுத்திப் பார்த்தால் கிருமி சாகவில்லை. முழு நீளத்தில் அது கொல்லவில்லை. முதல் ஆறு அமினோ அமிலங்களை வெட்டியதும் கொன்றது. இப்படிப்பட்ட விவரம் யாருக்கும் முன்கூட்டித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பொறுமையாக வெட்டி வெட்டிப் பார்த்த கைகளுக்குத்தான் கிடைக்கும்.

அந்த நஞ்சின் மரபணுவை, நீக்கும் வேலைக்காகக் கிருமியின் மரபணுத் தொடருக்குள் நுழையும் பிளாஸ்மிடில் வைத்தார்கள். நாம் சொல்லும்போது மட்டும் நஞ்சு உண்டாகும்படிச் செய்ய ஒரு பூட்டும் வைத்தார்கள். ஆஸ்துமாவுக்குக் கொடுக்கிற தியோஃபிலின் மருந்துதான் சாவி. தியோஃபிலின் இல்லாதபோது நஞ்சின் செய்தியிழை மடிந்து கிடக்கும், புரதம் உண்டாகாது. தியோஃபிலின் கலந்தால் இழை விரியும், நஞ்சு பிறக்கும். பிளாஸ்மிடை இன்னும் தன் மரபணுத் தொடருக்குள் வைத்திருக்கும் கிருமிகள் அத்தனையும் சாகும். வெளியே தள்ளியவை பிழைக்கும். இயற்கையான வகையிலேயே நேரடியாகச் செய்யலாம். முன்கூட்டி எதையும் நீக்க வேண்டாம். இந்த முறையில் ராட்-டி என்ற ஒட்டுப்புரதத்தின் மரபணுவை நீக்கிக் காட்டினார்கள். மற்றக் கிருமிகளோடு கைகோத்துக்கொள்ள உதவும் புரதம் அது. இண்டோல் என்ற பொருளை உருவாக்கும் மரபணுவையும் நீக்கிக் காட்டினார்கள்.

இதில் கடைசிப் படி எப்போதும் சூதாட்டம். பிளாஸ்மிட் வெளியேறும்போது இரண்டு வழிகள் உண்டு: மரபணுவையும் எடுத்துக்கொண்டு போகலாம், அல்லது பழையபடி விட்டுவிட்டுப் போகலாம். பல கொலனிகளை எடுத்து பி.சி.ஆர். செய்து, டி.என்.ஏ.யின் நீளத்தைக் காட்டும் ஜெல்லில் ஓட்ட வேண்டும். 3,200 எழுத்துக்கு வர வேண்டிய பேண்ட் 2,000க்கு இறங்கியிருந்தால் வேலை முடிந்தது. எத்தனை கொலனி பார்த்தாலும் எல்லாம் பழைய நீளத்திலேயே வந்தால், அந்த மரபணு இல்லாமல் கிருமியால் வாழ முடியவில்லை என்ற சந்தேகம் எழும். அந்தத் தோல்வியும் ஒரு செய்திதான். ம்யூட்டன்ஸின் உறவினக் கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குவினிஸில் ஒவ்வொரு மரபணுவையும் நீக்க முயன்ற பிங் ஷூ குழுவினர், 218 மரபணுக்களை நீக்கவே முடியாது என்று 2011ல் அறிவித்தார்கள். அந்த 218ம் புதிய மருந்துகளுக்கு இலக்குகள் ஆகக்கூடியவை.

ம்யூட்டன்ஸில் அமிலம் செய்யும் எல்.டி.எச். மரபணுவும் அப்படிப்பட்டதே. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹில்மன் அதை நீக்க விரும்பினார். அமிலம் செய்யாத ம்யூட்டன்ஸை வாயில் குடியேற்றிச் சொத்தையைத் தடுப்பது அவர் திட்டம். வெறுமனே நீக்கினால் கிருமி பிழைக்கவில்லை. சர்க்கரையை உடைத்தபின் மிஞ்சுவதை எங்கே கொட்டுவது என்று அதற்குத் தெரியவில்லை. அதனால் சைமோமோனாஸ் என்ற கிருமியின் ஆல்கஹால் செய்யும் மரபணுவைத் துணைக்குக் கொடுத்தார். அமிலத்துக்குப் பதில் மிகச் சிறிதளவு ஆல்கஹால் வெளியேறியது. 2000ல் இதை விரிவாக வெளியிட்டார். எலிகளில் சொத்தை வெகுவாகக் குறைந்தது. ஒருமுறை குடியேறினால் வாழ்நாள் முழுதும் வாயில் தங்கக்கூடிய, மற்றவருக்கும் பரவக்கூடிய ஓர் உயிரை எப்போது மக்களுக்குக் கொடுக்கலாம் என்பதில் நான் மிகுந்த எச்சரிக்கையின் பக்கம். நீண்ட, திறந்த சோதனைகள் இல்லாமல் யாரும் அதை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. ஆனால் எல்.டி.எச். மரபணு எவ்வளவு அடிப்படையானது என்று நமக்குச் சொன்னது அந்த நீக்கம்தான்.

இனி நம் பகுதிக்கு வருகிறேன். பூந்தமல்லி நெடுஞ்சாலையை நடுவில் வைத்துப் பாருங்கள். வேலப்பன்சாவடியில் சவீதா, மதுரவாயல் ஆலப்பாக்கத்தில் மீனாட்சி அம்மாள், முகப்பேர் பக்கம் தாய் மூகாம்பிகை, போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா. இவ்வளவு பல் மருத்துவக் கல்லூரிகள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் இடம் நாட்டில் அதிகம் இருக்காது. ஒவ்வொரு நாளும் ஆவடி, திருநின்றவூர், திருவேற்காடு, குன்றத்தூர்ப் பக்கமிருந்து ஆயிரக்கணக்கான வாய்கள் அந்த நாற்காலிகளில் திறக்கின்றன. வெளியே எடுத்து எறியப்படும் சொத்தைப் பற்களில், சுரண்டி எடுக்கும் காரையில், நம் மக்களின் கிருமிகள் இருக்கின்றன. உலக ஆய்வகங்கள் வேலை செய்யும் ம்யூட்டன்ஸ், ஃபியூசோபாக்டீரியம் வகைகள் பெரும்பாலும் வேறு நாட்டு வாய்களிலிருந்து வந்தவை. நம் உணவும் தண்ணீரும் வேறு. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கும் ஆன்டிபயாடிக்கும் வேறு. நம் வாய்க் கிருமி அந்த வகைகளைப் போலவே நடந்துகொள்ளும் என்று எதை வைத்துச் சொல்வது?

நாடு முழுவதும் பல் மருத்துவ ஆய்வுகள் நிறைய வருகின்றன. அவற்றை நான் மதிப்போடு படிக்கிறேன். ஆனால் என் கண்ணில் படுபவற்றில் பெரும்பகுதி, ஒரு மரபணு இருக்கிறதா என்று பார்ப்பதோடும், ஒரு மூலிகைச் சாறு ஒரு புரதத்தில் பொருந்துமா என்று கணினியில் பார்ப்பதோடும் நின்றுவிடுகின்றன. அதன் அடுத்த படிதான் நீக்குவது. 'இந்த மூலிகைப் பொருள் இந்தப் புரதத்தைத் தாக்குகிறது' என்று எழுதினால், அந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிய கிருமியில் அந்தப் பொருள் வேலை செய்யக் கூடாது. செய்தால், உங்கள் ஊகம் தவறு. இந்த ஒரு சோதனையை ஒவ்வொரு முதுகலை மாணவரும் கேட்கத் தொடங்கினால் போதும், தரம் உயர்ந்துவிடும்.

பயப்பட வேண்டிய வேலையா என்று பெற்றோர் கேட்பீர்கள். மரபணுவை நீக்கிய கிருமி பெரும்பாலும் வலுக் குறைந்த கிருமி. என்றாலும் நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 1989ல் வந்த சுற்றுச்சூழல் விதிகளின்படி, மரபணு மாற்றிய நுண்ணுயிரை ஆய்வகத்தில் கையாளும் நிறுவனத்தில் உயிரிப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதற்கு மேல் உயிரித் தொழில்நுட்பத் துறையின் மரபணு மறுஆய்வுக் குழு இருக்கிறது. இந்தக் குழுக்களைக் காகித வேலையாக நினைக்காதீர்கள். எந்தக் கிருமி, எந்த மரபணு, எதிர்ப்பு மரபணு மிஞ்சுகிறதா, கழிவை எப்படி நீராவி அழுத்தக் கலனில் அழிக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் நம் வீதியில் வாழும் மக்களுக்காகக் கேட்கப்படுவது.

தொடங்குவதற்கு ஃபியூசோபாக்டீரியம் வேண்டாம். ஆக்சிஜன் இல்லாத கூடம், டி.என்.ஏ.யைக் கிருமி வெட்டாதபடி முன்கூட்டியே மெத்தில் குறிகள் இடுவது என்று அதற்குத் தேவைகள் பல. ம்யூட்டன்ஸில் தொடங்கலாம். நம் பகுதிப் பிள்ளை ஒருவரின் சொத்தைப் பல்லிலிருந்து, பெற்றோர் சம்மதத்தோடு, ஒரு வகையைப் பிரித்தெடுங்கள். அந்த ஏழு அமினோ அமிலச் சைகைக்கு அது கதவைத் திறக்கிறதா என்று பாருங்கள். எல்லா வகையும் திறக்காது. எரித்ரோமைசினுக்கு அது ஏற்கெனவே பழகியிருந்தால் வேறு அடையாளம் தேட வேண்டும். அதையும் முதலிலேயே பாருங்கள். பிறகு பிசின் செய்யும் ஜி.டி.எஃப்.-பி மரபணுவை நீக்குங்கள். இந்த மரபணுவைச் சொல்வதற்குக் காரணம், விளைவு கண்ணுக்குத் தெரியும். உங்கள் ஆய்வகங்களில் வழக்கமாக இருக்கும் மிட்டிஸ் சலைவேரியஸ் தட்டில், இயல்பான ம்யூட்டன்ஸ் சொரசொரப்பான கொலனியாக வளரும், ஜி.டி.எஃப்.-பி போனால் வழவழப்பாகிவிடும். சர்க்கரைத் திரவத்தில் சோதனைக் குழாயின் சுவரில் ஒட்டுவதும் வெகுவாகக் குறையும். அதன்பின் மரபணுவைத் திரும்ப வையுங்கள். சொரசொரப்பு திரும்ப வர வேண்டும். வந்தால், அந்தக் கிருமியை மைனஸ் 80 டிகிரியில் சேமித்து, அதைப் பெற்ற ஊர், வயது, பல் எது என்ற விவரத்தோடு பதிவேட்டில் எழுதுங்கள். அடுத்த கல்லூரி கேட்டால் கொடுங்கள். வராவிட்டால், ஜெல்லையும் வரிசையையும் மறுபடி எடுத்து, எங்கே எழுத்து பிசகியது என்று தேடுங்கள்.